அரைக்காற்சட்டைக் கடல்வீரர்கள்

போர்வீரன் என்று சொன்னதும் நம் மனக்கண்ணில் தோன்றும் உருவம் எது? தலையில் இரும்புத் தொப்பி, உடலில் தடித்த சீருடை, காலில் கனத்த சப்பாத்து, கையில் துப்பாக்கி. பழங்காலத்து வீரனை நினைத்தாலும் கவசமும் கேடயமும் இல்லாமல் நாம் நினைப்பதில்லை. போர்க்கருவிகள் கொடுமையாக ஆக ஆக, வீரன் தன்மேல் ஏற்றிக்கொள்ளும் பாதுகாப்பும் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. இந்தப் பொது விதிக்கு நேர்மாறாக, இரண்டாம் உலகப் போரின் உச்சக்கட்டத்தில் ஒரு படைப்பிரிவு தன் உடைகளை ஒவ்வொன்றாகக் களைந்துகொண்டே போயிற்று. இறுதியில் அவர்களிடம் மிஞ்சியது இடுப்பில் ஓர் அரைக்காற்சட்டை, ஒரு கத்தி, கண்ணுக்கு ஒரு முகக்கண்ணாடி. இவ்வளவுதான். பீரங்கிகள் முழங்கிக்கொண்டிருக்கும் பகைவர் கடற்கரையை நோக்கி, பட்டப்பகலில், இந்தக் கோலத்தில் அவர்கள் நீந்திச் சென்றார்கள்.

இன்று விளையாட்டு உடைகள் விற்கும் கடைகளில் காக்கி நிறத்தில், தொடையின் மேற்பகுதியோடு நின்றுவிடுகிற, இடுப்பில் வார் வைத்துத் தைத்த குளியல் காற்சட்டை ஒன்றைக் காணலாம். நம் மலாயாப் பேச்சு வழக்கில் சொன்னால், ஒரு சின்னச் சிலுவார். கடற்படை முக்குளிப்பவர்களின் உடை என்று சொல்லி அதை விற்கிறார்கள். அந்த உடைக்கு ஒரு வரலாறு உண்டு. அது நாகரிகத்துக்காகப் பிறந்த உடை அன்று. கடலின் ஆழத்தைச் சரியாக அறியாமல் போனதால் விளைந்த ஒரு பேரழிவிலிருந்து பிறந்தது.

பசிபிக் பெருங்கடலின் நடுவே, நிலநடுக் கோட்டுக்கு அருகில் தராவா என்றொரு பவளத்தீவுக் கூட்டம் இருக்கிறது. இன்று அது கிரிபாத்தி நாட்டைச் சேர்ந்தது. அக்கூட்டத்தில் பெத்தியோ என்பது ஒரு சிறு தீவு. நீளம் மூன்று கிலோமீட்டர் அளவு. அகலம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. 1943-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள், அமெரிக்க மரீன் படையினர் இத்தீவில் இறங்க முற்பட்டனர். தீவில் சப்பானியர் விமான ஓடுதளம் அமைத்து, பதுங்கு குழிகள் தோண்டி, பீரங்கிகளோடு காத்திருந்தனர்.

தீவைச் சுற்றிலும் பவளப்பாறைத் திட்டு ஒன்று வேலிபோல் நீருக்கடியில் படர்ந்திருந்தது. வீரர்களை ஏற்றிவந்த தரையிறங்கு படகுகள் மிதப்பதற்கு ஏறத்தாழ நான்கடி நீர் வேண்டும். கடலேற்றத்தின்போது திட்டின்மேல் ஐந்தடி நீர் நிற்கும் என்று திட்டமிட்டவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். அத்தீவுகளில் நெடுங்காலம் வாழ்ந்த ஒருவர், அந்நாட்களில் நீர் அவ்வளவு உயராது என்று எச்சரித்தார். அவர் சொல் எடுபடவில்லை. அன்று திட்டின்மேல் நின்ற நீர் மூன்றடி அளவுதான். சில இடங்களில் அதுவும் இல்லை. பாறைமேல் ஊர்ந்து ஏறக்கூடிய சங்கிலிச் சக்கர வண்டிகளில் வந்தவர்கள் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவ்வண்டிகளோ போதிய அளவு இல்லை. படகுகளில் வந்தவர்கள் திட்டின் விளிம்பிலேயே தட்டி நின்றார்கள். தோளில் சுமையோடும் கையில் துப்பாக்கியோடும் நீரில் இறங்கி, ஐந்நூறு கசத்துக்கும் அதிகமான தொலைவை அவர்கள் நடந்தே கடக்க வேண்டியதாயிற்று. மார்பளவு நீரில் நடப்பவனால் ஓடவும் முடியாது, படுக்கவும் முடியாது. எதிரே இயந்திரத் துப்பாக்கிகள். மூன்று நாள் சண்டையில் மாண்ட அமெரிக்கர் ஏறத்தாழ ஆயிரம் பேர். காத்து நின்ற சப்பானியரிலும், அவர்கள் கட்டாயப்படுத்திக் கொண்டுவந்திருந்த கொரியத் தொழிலாளரிலும் உயிரோடு எஞ்சியவர் மிகச் சிலரே.

நீர் ஏன் உயரவில்லை? இந்த வினாவுக்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெளிவான விடை கிடைத்தது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கதிரவனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதால் ஏற்றவற்றம் மிகுதியாக இருக்கும். அரைநிலா நாட்களில் அது குறையும். கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்கு இது தெரிந்த செய்திதான். 1987-இல் டொனால்ட் ஓல்சன் என்னும் அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் பழைய நாட்களின் நிலவின் நிலையைக் கணித்துப் பார்த்தார். பெத்தியோவில் இறங்கிய அந்த வேளை அரைநிலா நாட்களாக இருந்ததோடு, நிலவு பூமியிலிருந்து மிகத் தொலைவில் இருந்த நாட்களாகவும் அமைந்துவிட்டது என்று கண்டார். நிலவின் இழுவை இரண்டு வகையிலும் குன்றியிருந்தது. ஆகவே கடல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஏதோ உறைந்துபோனது போல் கிடந்தது.

நிலவின் கணக்கு அன்று தெரியாமல் போனதை மன்னிக்கலாம். நீரின் ஆழத்தை ஒருவன் நேரில் போய் அளந்து பார்த்திருக்கலாம் அல்லவா? விமானத்திலிருந்து எடுத்த நிழற்படங்கள் இருந்தன. பழைய கடல் வரைபடங்கள் இருந்தன. ஆனால், ஒரு மனிதன் அந்தத் திட்டின்மேல் நின்று, நீர் தன் முழங்கால் வரை வருகிறதா மார்பு வரை வருகிறதா என்று பார்த்ததில்லை. பசிபிக்கில் தரையிறங்கு படைக்குப் பொறுப்பேற்றிருந்த அட்மிரல் ரிச்மண்ட் கெல்லி டர்னர் இந்தக் குறையை உணர்ந்தார். இனி இறங்கப்போகும் ஒவ்வொரு கடற்கரையையும் முன்கூட்டியே அளந்து, தடைகளை வெடிவைத்துத் தகர்க்க ஒரு பிரிவு வேண்டும் என்று முடிவு செய்தார். அப்படி ஹவாய்த் தீவுகளில் உருவானதுதான் நீரடித் தகர்ப்புக் குழு. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அதை யூ.டி.டி. என்று அழைத்தார்கள்.

இதற்குச் சில மாதங்கள் முன்பே, 1943 ஜூனில், புளோரிடா மாநிலத்தின் ஃபோர்ட் பியர்ஸ் என்னும் ஊரில் தகர்ப்பு வீரர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியிருந்தது. அதைத் தொடங்கியவர் டிரேப்பர் காஃப்மன். இவருடைய கதை சுவையானது. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் படித்துத் தேறியும், கண்பார்வை குறைவு என்று சொல்லி இவரைக் கடற்படையில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். 1940-இல் பிரான்சுக்குப் போய் மருத்துவ ஊர்தி ஓட்டினார், செருமானியரிடம் பிடிபட்டார், விடுதலையாகி இங்கிலாந்து சென்று, பிரிட்டிஷ் கடற்படையின் தன்னார்வப் பிரிவில் சேர்ந்தார். இலண்டன் முதலிய நகரங்களில் வெடிக்காமல் கிடந்த குண்டுகளைச் செயலிழக்கச் செய்வது அவர் வேலை. கண்பார்வை போதாது என்று ஒதுக்கப்பட்ட மனிதர், வெடிகுண்டின் சின்னஞ்சிறு திருகாணியைக் கழற்றுகிற வேலைக்குப் போனார்! பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு ஹவாயில் வெடிக்காமல் கிடந்த சப்பானியக் குண்டு ஒன்றைப் பிரித்து ஆராய்ந்ததும் இவரே. தன்னை வேண்டாம் என்று சொன்ன அதே கடற்படை, பின்னர் அவரைத் தேடி அழைத்துக்கொண்டது.

ஃபோர்ட் பியர்ஸில் அவர் வகுத்த பயிற்சியின் முதல் கட்டத்துக்கு 'நரக வாரம்' என்றே பெயர் ஏற்பட்டது. பல வாரங்களில் செய்ய வேண்டிய உடற்பயிற்சி முழுவதையும் ஒரே வாரத்தில் அடக்கினார்கள். உறக்கம் இல்லை, சேறு, மணல், கொசு, இரப்பர்ப் படகைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓட்டம். அதிகாரிகளும் கீழ்நிலை வீரர்களும் ஒன்றாகவே அதைச் செய்ய வேண்டும். காஃப்மன் தாமும் அந்த வாரத்தைத் தம் ஆட்களோடு முடித்தார். இப்படித் தேறியவர்களுள் ஒரு பகுதியினர்தாம் 1944 ஜூன் 6-ஆம் நாள் நார்மண்டியின் ஒமாகா கடற்கரையில் இரும்புத் தடைகளைத் தகர்க்கப் போனவர்கள். அங்கே அவர்களில் 31 பேர் மாண்டனர், 60 பேர் காயமுற்றனர். இது அவர்களின் எண்ணிக்கையில் பாதிக்கும் மேல். ஒமாகாவில் அவர்கள் முழுச் சீருடையும் இரும்புத் தொப்பியும் அணிந்திருந்தனர் என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். அது குளிர்க்கடல்; அவர்கள் செய்ததும் நீந்துகிற வேலை அன்று.

பசிபிக்குக்குத் திரும்புவோம். தொடக்கத்தில் இங்கும் யாரும் நீந்த வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. விதிமுறை என்னவென்றால், வீரன் சீருடையும் சப்பாத்தும் தொப்பியும் அணிந்து, இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டிக்கொண்டு, இரப்பர்ப் படகிலிருந்தபடியே வேலை செய்ய வேண்டும். இயன்றவரை இருளில் செய்ய வேண்டும். நம் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பவர் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். கல்லைப் பற்றிக்கொண்டு ஒரே மூச்சில் கடலடிக்குப் போய்ச் சிப்பி அள்ளி வந்த அந்த மனிதரின் உடை, இடுப்பில் ஒரு துண்டுத் துணி. அவருக்கும் ஒரு கயிறு உண்டு. அது அவரை மேலே தூக்குவதற்காக நேராகக் கீழே இறங்குகிற கயிறு. பவளப்பாறைகளுக்கு இடையே பக்கவாட்டில் போகிறவன் இடுப்பில் கயிறு கட்டினால், அது கொம்புக்குக் கொம்பு சிக்கி அவனையே கட்டிப்போடும். நீரில் நனைந்த சீருடை இழுக்கும். சப்பாத்தில் நீர் நிறைந்தால் கால் எழும்பாது. கடல் தெரிந்தவர்களுக்கு விளங்குகிற இந்தச் செய்தி, படைத்தலைமையின் விதி நூலுக்குள் நுழையச் சிறிது காலம் பிடித்தது.

1944 ஜனவரி 31-ஆம் நாள், மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த குவாஜலீனில் அது நுழைந்தது. கரைக்கு அருகே போன படகிலிருந்து பார்த்தால் பவளத்தின் மேடுபள்ளம் தெரியவில்லை. படகோ மேலும் போனால் தட்டும். அப்போது லூயிஸ் லூயர்ஸ் என்ற இளம் அதிகாரியும், பில் அச்செசன் என்ற கடற்படைக் கட்டுமானப் பிரிவினரும் தங்கள் சீருடைகளைக் களைந்தார்கள். உள்ளே குளியல் காற்சட்டை அணிந்து வந்திருந்தார்கள்! இப்படி நேரும் என்று முன்பே எண்ணியிருக்கிறார்கள் என்பது தெளிவு. இருவரும் நீரில் குதித்துத் திட்டின்மேல் முக்கால் மணி நேரம் நீந்திப் பார்த்தனர். பவளக் கொம்புகள் எங்கே இருக்கின்றன, பகைவரின் துப்பாக்கி மேடைகள் எங்கே, கரையில் எழுப்பிய மரத்தடுப்பு எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொண்டு, கீறல்கூட இல்லாமல் திரும்பினார்கள். அவர்கள் நேராக அட்மிரல் டர்னரிடம் கொண்டு செல்லப்பட்டார்கள். சாதாரணப் படகுகள் அத்திட்டைக் கடக்கமாட்டா என்ற அவர்கள் கூற்றின்படி, ஊர்ந்து செல்லும் வண்டிகளே பயன்படுத்தப்பட்டன. அதே படையெடுப்பில், ஆளில்லாமல் தொலைவிலிருந்து இயக்கும் வெடிப்படகுகளையும் சோதித்துப் பார்த்தார்கள். அவை சொன்ன திசையில் போகாமல் தோல்வியடைந்தன. இயந்திரம் செய்யத் தவறியதை இரண்டு பேர் அரைக்காற்சட்டையோடு செய்து முடித்ததால், டர்னர் விதிமுறையை மாற்றினார். இனி நீந்துவதே வேலை என்றாயிற்று.

நீந்துவது சரி; நீந்துகிறவன் கடலை எப்படி அளப்பான்? இங்கேதான் காஃப்மனின் அறிவு நமக்கு வியப்பைத் தருகிறது. 1944 ஜூனில் சைப்பான் தீவுக்குப் படை புறப்படவிருந்தது. அங்கே கரைக்கும் பாறைத்திட்டுக்கும் இடையே அகன்ற காயல். அதன் ஒவ்வொரு பகுதியும் எத்தனை அடி ஆழம் என்ற வரைபடம் வேண்டும். வேலையைப் பட்டப்பகலில் செய்ய வேண்டும் என்றார் டர்னர். இருளில் போனால் பகைவன் நம்மைக் காணமாட்டான் என்பது உண்மைதான். நாமும் பவளத்தைக் காணமாட்டோமே!

ஹவாயில் மீன்பிடி நரம்புக் கயிற்றை ஏராளமாக வாங்கினார்கள். இருபத்தைந்து கசத்துக்கு ஒரு முடிச்சாக, அதை முழுவதும் முடிந்தார்கள். இருவர் இருவராக நீந்திச் செல்லும் வீரர்கள் கயிற்றின் ஒரு முனையைத் திட்டில் கட்டிவிட்டு, கரையை நோக்கிப் போகப் போகச் சுருளிலிருந்து கயிறு பிரியும். முடிச்சு கைக்கு வந்ததும் நின்று ஆழம் பார்க்க வேண்டும். அளவுகோலை எங்கே கொண்டு போவது? அளவுகோல் அவர்கள் உடம்புதான். பாதத்திலிருந்து மேல்நோக்கி, ஓரடிக்கு ஒரு கறுப்பு வளையமாக உடலைச் சுற்றி வண்ணம் தீட்டிக்கொண்டார்கள். இடையில் அரையடிக்கு ஒரு சிறு கோடு. நீருக்குள் நிமிர்ந்து நின்றால் எந்த வளையம் நனைகிறது என்று பார்த்தால் போதும். கடலின் நிறத்தோடு கலந்து தெரியாமலிருக்க உடம்பெங்கும் நீலம் பூசிக்கொண்டதும் உண்டு. பார்த்த ஆழத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்த கண்ணாடி நெகிழித் தகட்டில் பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டும். நீரில் அந்த எழுத்து அழியாது. நம் திண்ணைப் பள்ளிப் பலகையின் தம்பி என்று அதைச் சொல்லலாம்.

இப்பொழுது அந்த அரைக்காற்சட்டையின் பொருள் நமக்கு நன்றாக விளங்குகிறது. உடம்பே அளவுகோல் என்று ஆன பிறகு அதை உடையால் மூடினால் கோடுகள் தெரியா. நீந்தும் தொடைக்குத் துணி தடை. சைப்பானைச் சூழ்ந்த கடல் வெதுவெதுப்பானது. குளிரென்று எதையும் போர்த்த வேண்டியதில்லை. கத்தியைச் செருக ஓர் இடுப்பு வார் வேண்டும், அந்த வாரைத் தாங்க ஓர் இடுப்புத் துணி வேண்டும். பவளம் கத்திபோல் அறுக்கும். அதனால் காலுக்குக் கித்தான் சப்பாத்து, முழங்காலுக்குத் திண்டு, கைக்கு உறை. ஆயுதம் என்று பார்த்தால் கத்தி ஒன்றே. துப்பாக்கி ஏந்திய ஒரு பகைவனைக் கத்தியோடு எதிர்க்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். எதிர்ப்பது அவர்கள் வேலையும் அன்று. அவர்களுடைய பாதுகாப்பு எல்லாம், நீருக்கு மேலே தெரிகிற தலை சிறியது என்பதும், பின்னால் நிற்கும் போர்க்கப்பல்கள் தலைக்கு மேலாகக் கரையைச் சுட்டுக்கொண்டே இருக்கும் என்பதும்தான்.

ஜூன் 14-ஆம் நாள் காலை அவர்கள் நீரில் இறங்கினார்கள். சுற்றிலும் குண்டுகள் விழுந்து நீர் எழும்பியது. அன்று சேதம் இல்லாமல் இல்லை. ஆயினும் அஞ்சியதைவிட மிகக் குறைவு. திரும்பி வந்தவர்களின் தகடுகளைச் சேர்த்து வைத்து இரவோடு இரவாக வரைபடம் எழுதினார்கள். டாங்கிகள் செல்வதற்கென்று முன்னரே குறித்திருந்த பாதை உதவாது, வேறு பாதைதான் தகும் என்று காஃப்மன் சொன்னார். களைத்துப் போயிருந்த ஒரு கீழ்நிலை அதிகாரி கடைசி நேரத்தில் வந்து திட்டத்தை மாற்றச் சொன்னால் எந்தத் தளபதி எளிதில் இசைவார்? வாக்குவாதம் நடந்தது, பாதையும் மாறியது. மறுநாள் டாங்கிகள் அவ்வழியே கரையேறின. தராவாவில் எடுபடாமல் போன ஒரு சொல்லையும், ஏழு மாதங்களுக்குப் பிறகு சைப்பானில் எடுபட்ட இந்தச் சொல்லையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. இரண்டும் நீரின் ஆழத்தைப் பற்றியவைதாம்.

இதன் பிறகு எந்தத் தீவுக்கும் இவர்கள் முன்னே போகாமல் படை இறங்கவில்லை என்றே சொல்லலாம். 1944 ஜூலையில் குவாம் தீவில் ஒரு குழுவினர் கரையில் தடைகளைத் தகர்த்துவிட்டு, மரீன் படையினரை வரவேற்று ஒரு பலகையும் நட்டுவிட்டுத் திரும்பினார்கள். முதலில் கரையேறுவது தாங்களே என்று பெருமை பேசும் மரீன்களுக்கு அது ஒரு குறும்புச் சீண்டல்! அதே ஆண்டு இரப்பர்த் துடுப்புக் கால்கள் வந்தன. ஓவன் சர்ச்சில் என்னும் அமெரிக்கர் சில ஆண்டுகளுக்கு முன் விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தவை அவை. வேறொரு பிரிவிலிருந்து வந்து சேர்ந்த நீச்சல்காரர்கள் பயன்படுத்தக் கண்டு, மற்றக் குழுவினரும் அணியத் தொடங்கினர். வடக்கே இவோ ஜிமாவுக்கும் ஒகினாவாவுக்கும் போனபோது கடல் குளிர்ந்தது. அங்கே அரைக்காற்சட்டையின் குறையும் தெரிந்தது. இவோ ஜிமாவில் உடம்பெல்லாம் கொழுப்பு மசகைப் பூசிக்கொண்டு இறங்கினார்கள். ஒகினாவாவில் கடலுக்குள் நட்டிருந்த ஆயிரக்கணக்கான மரக்கம்பங்களில் ஒவ்வொன்றாக வெடி கட்டித் தகர்த்தவர்களின் பற்கள் குளிரில் தந்தியடித்தன.

நம் பகுதிக்கும் இவர்கள் வந்தார்கள். 1945 ஜூன் 10-இல் ஆஸ்திரேலியப் படை லாபுவானிலும் புருணைக் குடாவிலும் இறங்கியபோதும், ஜூலை 1-இல் போர்னியோவின் பாலிக்பாப்பானில் இறங்கியபோதும், முன்னதாகக் கரையைப் பார்த்துத் தடைகளை நீக்கியவர்கள் இந்த அரைக்காற்சட்டை வீரர்களே.

லாபுவான் என்றதும் மற்றொன்றையும் சொல்லாமல் போக முடியாது. கடற்போரில் முக்குளிப்பவர்களுக்கு இன்னொரு மரபும் உண்டு. அது இருளில் மூச்சுக்கருவி அணிந்து, நீருக்கடியில் சென்று கப்பலின் அடிவயிற்றில் வெடிவைக்கும் மரபு. அதில் முன்னோடிகள் இத்தாலியர். 1941 டிசம்பரில் அலெக்சாந்திரியாத் துறைமுகத்துக்குள் ஆறே பேர் நுழைந்து இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைத் தரைதட்ட வைத்தார்கள். அந்த வித்தையைப் பிரிட்டிஷாரும் கற்றுக்கொண்டார்கள். அவர்களின் உடை தலை முதல் கால் வரை மூடிய இரப்பர் அங்கி. அதை அணிந்தவர்களே அதற்குப் 'பிசுபிசுத்த சாவு' என்னும் பொருள்படப் பெயர் வைத்திருந்தார்கள் என்றால், அதற்குள் இருந்த சுகத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1945 ஜூலை இறுதியில் லாபுவானிலிருந்து புறப்பட்ட எக்ஸ்.இ.3 என்ற குட்டி நீர்மூழ்கி ஒன்று, பெரிய நீர்மூழ்கியால் இழுத்துவரப்பட்டு, ஜொகூர் நீரிணைக்குள் நுழைந்தது. அதில் நால்வர். தலைவர் இயன் ஃபிரேசர். முக்குளிப்பவர் ஜேம்ஸ் மக்கென்னிஸ், பெல்பாஸ்ட் நகரத்துக்காரர். இலக்கு, சிங்கப்பூரின் வடகரையில் நங்கூரமிட்டிருந்த 'தக்காவோ' என்னும் சப்பானியப் போர்க்கப்பல். அதன் பெரிய பீரங்கிகள் சிங்கப்பூரை மீட்க வரும் படையைத் தாக்கக்கூடும் என்பது அவர்கள் அச்சம். ஜூலை 31 பிற்பகலில், ஆழம் குறைந்த அந்நீரில் குட்டிக் கப்பல் தக்காவோவின் அடியில் நுழைந்து ஒண்டிக்கொண்டது. மேலே கப்பல், கீழே சேறு. இடைவெளி அவ்வளவு சிறிது. மக்கென்னிஸ் வெளியேறுகிற கதவு முழுதும் திறக்கவில்லை. உடலை ஒடுக்கிப் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தார். மூச்சுக்கருவியிலிருந்து உயிர்வாயு கசிந்து குமிழிகள் மேலே போய்க்கொண்டிருந்தன. யாராவது எட்டிப் பார்த்தால் தீர்ந்தது.

காந்த வெடிகள் கப்பலில் ஒட்டவில்லை! அடிப்பகுதி முழுவதும் சிப்பியும் பாசியும் மண்டிக் கிடந்தன. நம் மீனவர்கள் படகைக் கரையேற்றி வெயிலில் காயவைத்துச் செய்கிற வேலையை, அவர் பகைவர் கப்பலுக்கு அடியில் மிதந்துகொண்டு, கத்தியால் சுரண்டிச் சுரண்டி அரை மணி நேரம் செய்தார். ஆறு வெடிகளையும் ஒட்டிவிட்டு, களைத்துப்போய் உள்ளே வந்தார். இதற்குள் நீர் வற்றத் தொடங்கியிருந்தது. தக்காவோ மெல்ல மெல்ல அவர்கள்மேல் அமரலாயிற்று. பெருமுயற்சி செய்து அங்கிருந்து கிளம்பிய பிறகு, பக்கவாட்டில் வெடிகளைச் சுமந்துவந்த காலிக்கூடு கழலாமல் தொற்றிக்கொண்டிருந்தது. அதோடு ஓட முடியாது. தாமே வெளியே போவதாகச் சொன்னார் ஃபிரேசர். மக்கென்னிஸ் அதை ஏற்காமல், கையில் பெரிய திருகுச்சாவியோடு மீண்டும் கடலுக்குள் போய் அதைக் கழற்றிவிட்டு வந்தார். அன்றிரவு வெடித்ததில் கப்பலின் அடி பிளந்தது.

ஒரு செய்தியை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். தக்காவோ முந்திய ஆண்டு அக்டோபரிலேயே பலவான் தீவருகே தாக்குண்டு, முடமாகி வந்து கிடந்த கப்பல். தானாகக் கடலில் செல்லும் நிலையில் அது இல்லை. அதில் இருந்தவர்களும் சிலரே. இரண்டு வாரத்தில் போரும் முடிந்துவிட்டது. இதனால் அந்த வீரம் வீண் என்று சிலர் எழுதுகிறார்கள். போர் இரண்டு வாரத்தில் முடியும் என்று ஜூலை 31-இல் சேற்றுக்குள் கிடந்த நால்வருக்கு யார் சொல்வது? ஃபிரேசர், மக்கென்னிஸ் இருவரும் விக்டோரியா சிலுவை பெற்றார்கள். வட அயர்லாந்தைச் சேர்ந்தவர்களுள் அப்போரில் அவ்விருதைப் பெற்றவர் மக்கென்னிஸ் ஒருவரே. பின்னாளில் வறுமை காரணமாக அந்தப் பதக்கத்தை அவர் விற்கும்படி ஆயிற்று. தக்காவோவை 1946-இல் மலாக்கா நீரிணைக்கு இழுத்துச் சென்று மூழ்கடித்தார்கள்.

போர் முடிந்ததும் நீரடித் தகர்ப்புக் குழுக்களில் பெரும்பாலானவை கலைக்கப்பட்டன. எஞ்சியவை இரு மரபுகளையும் ஒன்றாக்கின. அரைக்காற்சட்டைக்காரர் மூச்சுக்கருவியையும் இரப்பர் அங்கியையும் கற்றுக்கொண்டார். அவர்களுள் ஒருவராகிய பிரான்சிஸ் ஃபேன் 1956-இல் மற்றொருவரோடு சேர்ந்து இக்குழுக்களின் வரலாற்றை நூலாக எழுதியபோது, 'ஆடையற்ற வீரர்கள்' என்று பொருள்படும் தலைப்பையே அதற்கு வைத்தார். கொரியப் போரில் இவர்கள் கரையேறிப் பாலங்களையும் இருப்புப்பாதைகளையும் தகர்த்தார்கள். 1962 ஜனவரியில் இவர்களிலிருந்து ஆள் எடுத்து 'சீல்' என்னும் புதுப் படை அமைந்தது. 1969 ஜூலை 24-இல், நிலவில் கால்வைத்துத் திரும்பிய மூவரும் பசிபிக்கில் வந்து விழுந்தபோது, அலையில் ஆடிய அந்தக் கலத்தின் கதவருகே முதலில் போய்ச் சேர்ந்தவர்களும் இக்குழுவினரே.

இவ்விதப் படைகள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. மலேசியக் கடற்படையின் 'பஸ்கால்' 1982-இல் முறைப்படி அமைந்தது; சிங்கப்பூர்க் கடற்படையிலும் முக்குளிப்போர் பிரிவு ஒன்று உண்டு. கப்பலடி வெடிகளைத் தேடுவதும், கடற்கொள்ளையரைத் தடுப்பதும், விபத்தில் மூழ்கியவர்களை மீட்பதும் இவர்கள் பணிகள்.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில்தான் அந்த அரைக்காற்சட்டை ஒரே சீரான வடிவம் பெற்றது. கெட்டியான காக்கிப் பருத்தித் துணி. தொடை தடைப்படாத குறுகிய நீளம். துணியோடு சேர்த்துத் தைத்த வார். நீரில் தளராதபடி இறுக்கிப் பிடிக்க இரு உலோக வளையம். கடற்படைப் பயிற்சி முகாம்களில் அது சீருடையாயிற்று. பின்னர்க் கடற்கரை உயிர்காப்பாளர்களும் இளைஞர்களும் விரும்பி அணிந்தார்கள். 1983 மே முதல் நாள், எஞ்சியிருந்த நீரடித் தகர்ப்புக் குழுக்கள் சீல் படையோடு சேர்க்கப்பட்டு, யூ.டி.டி. என்ற பெயர் கடற்படைப் பட்டியலிலிருந்து நீங்கிற்று. கடைக்காரர்கள் மட்டும் அந்தக் காக்கிக் காற்சட்டையை இன்னமும் அந்தப் பெயராலேயே விற்கிறார்கள்.